கூட்டணுமா, கழிக்கணுமா? பல நாட்டார் சேர்ந்து கட்டிய கதைகள்... தெரியுமா?

ரைன் நதியின் இரண்டு கரையிலும் ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன, தெரியுமா? பெயர் லாஃபன்புர்க். ஒரு கரை ஜெர்மனி, எதிர்க்கரை சுவிட்சர்லாந்து. நெப்போலியன் காலத்தில் பிரிக்கப்படும் வரை ஒரே ஊர். இந்த இரண்டையும் இணைக்க ஒரு புதுப் பாலம் கட்டலாம் என்று முடிவானது. இரண்டு கரையிலிருந்தும் வேலை ஆரம்பித்தது. 2003-ல் அளந்து பார்த்தால், இந்தப் பாதிக்கும் அந்தப் பாதிக்கும் 54 சென்டிமீட்டர் உயர வித்தியாசம்! முழங்கால் உயரத்துக்கு ஒரு படி!

காரணம் அதைவிட வியப்பு. 'கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்' என்றுதான் உலகமே உயரம் சொல்கிறது. எந்தக் கடல்? ஜெர்மனிக்கு அது ஆம்ஸ்டர்டாமில் குறித்த வடகடலின் மட்டம். சுவிட்சர்லாந்துக்கோ பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் அளந்த மத்தியதரைக் கடலின் மட்டம். இரண்டுக்கும் இடையே 27 சென்டிமீட்டர் வித்தியாசம் உண்டு.

இது பொறியாளர்களுக்குத் தெரியாதா என்று கேட்டால், நன்றாகவே தெரியும். அந்த 27-ஐக் கணக்கில் கொண்டும் வந்தார்கள். கழிக்க வேண்டிய பக்கத்தில் கூட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்! 27 இரட்டித்து 54 ஆனது. ஜெர்மன் பக்கத்தைத் தாழ்த்திச் சரிசெய்து 2004-ல் பாலத்தைத் திறந்தார்கள்.

பல நாட்டாரை வைத்து வேலை வாங்கும் மேலாளர்களுக்கு இப்போதெல்லாம் பயிற்சி வகுப்பு நடக்கிறது. ஜப்பான்காரரிடம் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடு, அரபு நாட்டில் இடது கையை நீட்டாதே, ஜெர்மன்காரர் கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் உட்கார். எல்லாம் நல்லதுதான். ஆனால் பெரிய வேலைகள் கவிழ்ந்த இடங்களைத் தேடிப் பார்த்தால், விசிட்டிங் கார்டால் கவிழ்ந்தது ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. 'இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே' என்று யாரும் வாய்திறந்து சொல்லாமல் விட்ட இடத்தில்தான் கவிழ்ந்திருக்கிறது!

அப்படிக் கவிழாமல் தப்பித்த ஒரு பாலமும் உண்டு. டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலம், 2000 ஜூலை 1-ல் திறந்தது. டென்மார்க்கில் ரயில் வலப்பக்கம் ஓடும். சுவீடனில் இடப்பக்கம். (சுவீடனில் கார்கள் 1967-லேயே ஒரே நாளில் வலப்பக்கம் மாறிவிட்டன. ரயில் மட்டும் மாறவில்லை!) டென்மார்க் மின்பாதை 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சுவீடனில் 15,000 வோல்ட், 16.7 ஹெர்ட்ஸ். சிக்னல் முறையும் வேறு. சரி, யார் விட்டுக்கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை! இரண்டு மின்சாரத்திலும் ஓடும் ரயிலை வாங்கினார்கள். சுவீடன் கரையேறும் இடத்தில் மின்சாரம் மாறும். மால்மோ பக்கம் போனதும் தண்டவாளம் மாறும். பயணி செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்குவதுகூட இல்லை.

பண்பாட்டு வித்தியாசம் என்றதும் நாம் தேசியக் கொடிகளை எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். கொடி ஒன்றாக இருந்தும் கோட்டைவிட்ட கதை தெரியுமா? 1998 டிசம்பரில் நாசா ஏவிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் ஒன்பது மாதம் பயணம் செய்து 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை எட்டியது. எட்டியதோடு சரி, அப்புறம் சத்தமே இல்லை. டென்வரில் விண்கலத்தைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் குழுவின் மென்பொருள், உந்துவிசையைப் பவுண்டு கணக்கில் எழுதி அனுப்பியது. கலிஃபோர்னியாவில் பாதை வகுத்த ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது 4.45 நியூட்டன். செவ்வாய்க்கு மேலே 226 கிலோமீட்டரில் போக வேண்டிய கலம் 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது!

இதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. பாதை பிசகுகிறது என்ற சந்தேகம் பாதை வகுப்பவர்களுக்கு வழியிலேயே வந்திருந்தது. ஆனால் அதை முறைப்படி எழுதி மேலே அனுப்பாமல் பேச்சுவாக்கில் சொன்னதோடு விட்டார்கள் என்று பிறகு நடந்த விசாரணையில் தெரிந்தது. ஒரே நாடு, ஒரே மொழி, இரண்டு அலுவலகம். அதற்கே இப்படி!

ஒரே நிறுவனத்துக்குள்? அதுவும் நடந்தது. ஏர்பஸ் ஏ380 விமானத்துக்குள் ஓடும் மின்கம்பிகளின் மொத்த நீளம் சுமார் 530 கிலோமீட்டர். சென்னையிலிருந்து தூத்துக்குடிப் பக்கம் வரை இழுக்கலாம்! ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கட்டித் தயாரான கம்பிக் கொத்துகள் பிரான்ஸின் துலூஸுக்கு வந்து விமானத்தில் பொருத்தும்போது நீளம் பற்றவில்லை. ஹாம்பர்க்கும் ஸ்பெயினும் வரைபட மென்பொருளின் நான்காம் பதிப்பில் வரைந்தன. துலூஸும் பிரிட்டனும் ஐந்தாம் பதிப்பில். இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நூற்றுக்கணக்கான ஜெர்மன் ஊழியர்கள் துலூஸுக்கு வந்து கையால் கம்பி மாற்றினார்கள். விமானம் ஏறக்குறைய இரண்டு வருடம் தாமதமானது. 2006 ஜூலையில் ஏர்பஸ் தலைவரும், தாய் நிறுவனமான ஈஏடிஎஸ்ஸின் தலைவர்களில் ஒருவரும் பதவி விலகினார்கள். அதென்ன 'தலைவர்களில் ஒருவர்'? அந்த நிறுவனத்துக்கு அப்போது இரண்டு தலைமைச் செயல் அதிகாரிகள், ஒருவர் பிரெஞ்சு, ஒருவர் ஜெர்மன்! மென்பொருள் பழையது என்பது ரகசியம் இல்லை. 'நீ மாறு' என்று யார் யாரிடம் சொல்வது என்பதில்தான் சிக்கல் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சரி, கவிழ்ந்த கதை போதும். எதிரிகளாக இருந்தும் ஜெயித்த கதை தெரியுமா?

1975 ஜூலை 15. ஒரே நாளில் சோவியத்தின் சோயுஸும் அமெரிக்காவின் அப்பல்லோவும் கிளம்பின. இரண்டு நாள் கழித்து விண்வெளியில் இணைந்தன. பனிப்போர் இன்னும் முடியாத காலம். ஏவுகணைகளை ஒருவர் மேல் ஒருவர் குறிவைத்துக்கொண்டே இந்தக் கைகுலுக்கல்!

முதல் சிக்கல், இணைப்புக் கருவி. அதுவரை இருந்த முறையில் ஒரு கலம் கூர் நீட்டிப் போய்ச் சொருகும், மற்றது குழியைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கும். ஒருவர் இயங்க, ஒருவர் ஏற்க. இரண்டு வல்லரசுகளில் எது 'சும்மா நிற்கும்' கலமாக இருக்கச் சம்மதிக்கும்? விளாதிமிர் சிரோமியாத்னிகவ் என்ற சோவியத் பொறியாளரும் அமெரிக்கர்களும் சேர்ந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வளையத்தை உருவாக்கினார்கள். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இயங்கலாம். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஏற்கலாம். முதல் தடவை அப்பல்லோவின் வளையம் இயங்கியது. பிரிந்து மறுபடி இணைந்தபோது சோயுஸின் வளையம் இயங்கியது! மானப் பிரச்சினையைத் தீர்க்கச் செய்த ஏற்பாடு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு பக்கம் பழுதானால் மறுபக்கம் கைகொடுக்கும் என்பதால் பொறியியலாகவும் அது நல்ல யோசனை. அந்த வளையத்தின் வாரிசுதான் பிறகு அமெரிக்க ஷட்டில்களை மிர் நிலையத்தோடும் சர்வதேச விண்வெளி நிலையத்தோடும் இணைத்தது.

இரண்டாவது சிக்கல், காற்று! அப்பல்லோவுக்குள் சுத்த ஆக்சிஜன், நம் தரைக்காற்றின் மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தில். சோயுஸுக்குள் சாதாரணக் காற்று, முழு அழுத்தத்தில். சோயுஸிலிருந்து கதவைத் திறந்து நேரே அப்பல்லோ பக்கம் வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கிளம்பும். என்ன செய்தார்கள்? சோயுஸ் தன் அழுத்தத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டது. அமெரிக்கர்கள் நடுவே ஓர் இடைக்கூண்டைச் செய்து மாட்டினார்கள். அதில் சற்று நேரம் இருந்து உடம்பு பழகிய பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போகலாம்.

மூன்றாவது, பேச்சு. அமெரிக்கர்கள் ரஷ்ய மொழியில் பேச வேண்டும், ரஷ்யர்கள் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். கேட்கிறவனின் மொழியில் பேசு! இதில் என்ன சூட்சுமம் என்றால், பிற மொழியில் பேசும்போது யாராலும் சொற்பொழிவு ஆற்ற முடியாது. வேகம் தானாகக் குறையும், வாக்கியம் தானாகச் சின்னதாகும், அடுக்குமொழியெல்லாம் அடங்கிவிடும். கேட்கிறவருக்கோ தன் மொழி என்பதால் பிழையோடு வந்தாலும் புரிந்துவிடும். அமெரிக்கத் தளபதி தாமஸ் ஸ்டாஃபர்ட் ஓக்லஹோமாக்காரர். அவர் பேசிய ரஷ்யனில் ஊர் வாடை அப்படி வீசியதாம். இந்தப் பயணத்தில் மொத்தம் மூன்று மொழிகள் பேசினோம், ரஷ்யன், ஆங்கிலம், 'ஓக்லஹோம்ஸ்கி' என்று சோவியத் தளபதி அலெக்ஸி லியோனவ் கிண்டல் செய்தார். அதே லியோனவ்தான் விண்வெளியில் விருந்தாளிகளுக்கு 'வோட்கா' என்று லேபிள் ஒட்டிய டியூப்களை நீட்டியவர். உள்ளே இருந்தது பீட்ரூட் சூப்! பிற்காலத்தில் ஸ்டாஃபர்ட் ரஷ்யாவிலிருந்து இரண்டு சிறுவர்களைத் தத்தெடுக்க உதவியதும் அவரே.

இவ்வளவு கற்றுக்கொண்டும், சர்வதேச விண்வெளி நிலையத்தில் கழிப்பறைத் தகராறு வந்தது தெரியுமா? 2009-ல் ரஷ்ய விண்வெளி வீரர் கென்னாடி படல்கா ஒரு ரஷ்யப் பத்திரிகையிடம் குமுறினார். ரஷ்யர்கள் அமெரிக்கக் கழிப்பறையைப் பயன்படுத்தக் கூடாதாம், அமெரிக்க உடற்பயிற்சிக் கருவியைத் தொடவும் அனுமதி கேட்க வேண்டுமாம்! மேலே இருப்பவர்கள் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். கீழே கணக்கு எழுதுகிறவர்கள் 'உன் பங்கு, என் பங்கு' என்று கட்டணம் போட ஆரம்பித்ததன் விளைவு அது. ஒன்று மட்டும் அங்கே அழகாகத் தீர்ந்தது. நிலையத்தின் கடிகாரம் ஹூஸ்டன் நேரமும் இல்லை, மாஸ்கோ நேரமும் இல்லை, கிரீன்விச் நேரம்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான தகவல். 1999-ன் கடைசியில் மாஸ்கோவில், விண்வெளிப் பயணத்துக்கு ஒத்திகையாகப் பல நாட்டாரை மூடிய கூண்டுக்குள் மாதக்கணக்கில் அடைத்து ஒரு சோதனை நடந்தது. புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இரண்டு ரஷ்யர்கள் ரத்தம் வர அடித்துக்கொண்டார்கள். கனடா நாட்டுப் பெண் ஆய்வாளரிடம் ஒருவர் விருப்பத்துக்கு மாறாக முத்தமிட்டு அத்துமீறினார். புகார் போனது. 'பண்பாட்டு வித்தியாசம்' என்று பதில் வந்தது! ஜப்பான் ஆய்வாளர் ஒருவர் பாதியிலேயே வெளியேறினார். குழுக்கள் இருந்த பகுதிகளுக்கு நடுவே கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. பண்பாட்டைப் பற்றி மூச்சுவிடாமல் வியந்துகொண்டிருக்கும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும். பொறுப்பாளர் தன் கையாலாகாத்தனத்தை மூடிக்கொள்ளும் போர்வையாகவும் அந்தச் சொல் ஆகிவிடும். அந்தச் சோதனையை நடத்திய நிறுவனமே 2010-11-ல் 520 நாள் நடத்திய அடுத்த பெரிய சோதனையில் ரஷ்யர், சீனர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர் என்று ஆறு பேர். ஆறு பேரும் ஆண்கள்!

பண்பாட்டு வித்தியாசங்களை ஆராயும் துறையே எங்கே பிறந்தது தெரியுமா? அரிசோனாப் பாலைவனத்தில் என்று சொன்னால் தப்பில்லை. எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க இளைஞர் 1930-களில் நவஹோ, ஹோபி பழங்குடி மக்களோடு அவர்கள் மண்ணில் தங்கி வேலை பார்த்தார். வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதில் அரசாங்கத்துக்கு ஒரு நினைப்பு, அந்த மக்களுக்கு ஒரு நினைப்பு. இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தார். 1950-களில் வெளிநாடு போகும் அமெரிக்க அதிகாரிகளுக்கு வகுப்பெடுக்கும் வேலை வந்தது. நீட்டி முழக்கிய மானிடவியல் பாடம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 'எத்தனை நிமிடம் காத்திருக்கலாம், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், அதைச் சொல்லுங்கள்' என்றார்கள். நேரத்துக்கும் இடைவெளிக்கும் பேசாத ஒரு பாஷை உண்டு என்று ஹால் 1959-ல் புத்தகம் போட்டார். ஒரு நேரத்தில் ஒரே வேலை என்று வரிசை கட்டுகிற சமூகங்கள் உண்டு. பேச்சு, போன், விருந்தாளி, கையெழுத்து எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டுகிற சமூகங்களும் உண்டு. நம்மூர் தாலுகா அலுவலகத்தில் மேஜையைச் சுற்றி ஆறு பேர் நிற்க, ஆறு பேர் விஷயத்தையும் ஒரே நேரத்தில் நடத்துகிற தாசில்தாரைப் பார்த்திருந்தால் ஹால் மகிழ்ந்திருப்பார்.

அடுத்து வந்தவர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட், நெதர்லாந்துக்காரர். ஐபிஎம் நிறுவனம் 1967 முதல் 1973 வரை உலகெங்கும் தன் ஊழியர்களிடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை அலசி, நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். மேலதிகாரிக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள தூரத்தை எந்த அளவு இயல்பாக ஏற்கிறார்கள்? ஆஸ்திரியா 11, இஸ்ரேல் 13, இந்தியா 77. மலேசியா? 104! நூற்றுக்கு நூற்று நான்கு! அளவுகோலை வகுத்தபின் சேர்ந்த நாடுகள் அதன் எல்லையைத் தாண்டிவிட்டன. கேட்க ருசியாக இருக்கிறது. ஆனால் ஒரே கம்பெனியின் சம்பளக்காரர்களை வைத்து ஒரு தேசத்தையே எடைபோடலாமா என்று 2002-ல் பிரெண்டன் மெக்ஸ்வீனி என்ற ஆய்வாளர் போட்ட போடு இன்னும் ஓயவில்லை. என் கட்சியும் அதுதான். 77 என்று படித்துவிட்டு ஓசூரிலிருந்து வந்த ஓர் இளம் பொறியாளரிடம் பேசப் போகிறவர், அவரைப் பார்க்கவே போவதில்லை.

சிங்கப்பூர் நான்யாங் பல்கலைக்கழகத்தின் சூன் ஆங்கும் கிறிஸ்டஃபர் ஏர்லியும் 2003-ல் வேறு வழியில் போனார்கள். நாட்டை விடுங்கள், ஆளை அளப்போம்! பிற பண்பாட்டாரோடு பழகும் திறனை அளக்கும் அவர்கள் வழி வந்த வினாப்பட்டியலில் இருபதே கேள்விகள். தெரிந்து வைத்திருப்பது அதில் ஒரு பகுதிதான். ஆர்வம், நடத்தையை மாற்றிக்கொள்வது, தான் நினைத்தது சரியா என்று அவ்வப்போது தன்னையே சோதித்துக்கொள்வது ஆகியவை மற்ற பகுதிகள்.

ஒரு கயிறு ஒரு தொழிற்சாலையையே மாற்றியது தெரியுமா?

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை. பெயர் கெட்டுப்போன ஆலை. நூற்றுக்கு இருபது பேர் வேலைக்கே வரமாட்டார்கள். வேலை நேரத்தில் குடி வேறு. 1982-ல் மூடிவிட்டார்கள். பிறகு டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து 1984-ல் 'நம்மி' என்ற பெயரில் அதே கட்டடத்தில் மறுபடி திறந்தார்கள். ஆட்கள்? பெரும்பாலும் அதே பழைய ஆட்கள், அதே தொழிற்சங்கம்! நூற்றுக்கணக்கான குழுத்தலைவர்களை ஜப்பானின் டொயோட்டா நகரில் இருந்த தகாஒகா ஆலைக்கு அனுப்பினார்கள். வகுப்பில் உட்காரவைக்க அல்ல, ஜப்பான் தொழிலாளியின் பக்கத்தில் நின்று வேலை பார்க்க.

லைனில் கார் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு திருகாணி மரை பிசகி ஏறிவிட்டது. பழைய ஜிஎம் ஆலையில் என்ன செய்வார்கள்? அப்படியே விடுவார்கள், கடைசியில் யாராவது பார்த்துக்கொள்ளட்டும். லைனை நிறுத்தினால் வேலை போய்விடும். தகாஒகாவில் தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்கியது. பிசகு தெரிந்தால் இழு! விளக்கு எரியும், ஒரு மெட்டு ஒலிக்கும், குழுத்தலைவர் ஓடி வருவார். கார் தரையில் போட்ட அடுத்த கோட்டைத் தொடுவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து சரிசெய்தால் லைன் நிற்காது. முடியாவிட்டால் நிற்கும், நிற்கட்டும். இழுத்தவரைத் திட்டுவது கிடையாது. தப்பைச் சொன்னதற்கு உதவி ஓடி வருகிறது என்பதை அந்த அமெரிக்கத் தொழிலாளிகள் முதல்முறையாகப் பார்த்தார்கள்!

ஃப்ரீமாண்டிலும் அந்தக் கயிறு வந்தது. வேலைக்கு வராதவர் கணக்கு 20 சதவீதத்திலிருந்து சுமார் 2 சதவீதத்துக்கு இறங்கியது. சில வருடங்களில் கார்களின் தரம் தகாஒகாவை நெருங்கியது. யாரும் யாரையும் குனிந்து வணங்கச் சொல்லவில்லை. காலையில் ஜப்பானியப் பாட்டுப் பாடவைக்கவில்லை. குறை சொன்னால் அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்பதை மட்டும் மாற்றினார்கள். சரி, பக்கத்திலேயே இருந்து பார்த்த ஜிஎம் தன் மற்ற ஆலைகளில் இதைச் செய்ததா? லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வான் நைஸ் ஆலையில் முயன்றது. கயிறு வந்தது, ஓடி வரும் ஆள் வரவில்லை. 1992-ல் அந்த ஆலை மூடப்பட்டது. நம்மியும் 2010-ல் முடிந்தது. இப்போது அங்கேதான் டெஸ்லா கார் செய்கிறார்கள்.

நம் நாட்டில் அதே காலத்தில் மாருதி. முதல் கார் 1983 டிசம்பர் 14-ல் வந்தது. கூட்டாளியாக வந்த ஜப்பானின் சுஸூகிக்காரர்கள் ஒரே கேன்டீன், ஒரே சீருடை, தனியறை இல்லாத திறந்த அலுவலகம் என்றார்கள். மேலாளர் தட்டைத் தூக்கிக்கொண்டு தொழிலாளியின் பின்னால் வரிசையில் நிற்பது அன்றைய இந்தியாவில் சாதாரண விஷயமா? ஆனால் கேன்டீன் ஒன்றானால் எல்லாம் ஒன்றாகிவிடாது. அதே நிறுவனத்தின் மானேசர் ஆலையில் 2012-ல் மூண்ட மோதல் உயிர்ப்பலி வரை போனது.

ஆஸ்திரேலியாவின் ஸ்னோயி மலைத் திட்டம் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1949-ல் தொடங்கி 1974 வரை 25 வருடம். 16 அணைகள், 225 கிலோமீட்டர் சுரங்கமும் குழாய்களும் கால்வாய்களும். வேலை பார்த்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து. மூன்றில் இரண்டு பேர் புலம்பெயர்ந்தவர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், உலகப்போர் முடிந்து நான்கே வருடம்! நேற்றுவரை எதிரெதிர் அணியில் நின்ற ஜெர்மானியரும் போலந்துக்காரரும் இத்தாலியரும் நார்வேக்காரரும் ஒரே சுரங்கத்தில், ஒரே வெடிமருந்தைக் கையில் வைத்துக்கொண்டு! தலைமை ஆணையர் வில்லியம் ஹட்சன் நியூசிலாந்தில் பிறந்தவர். பழைய நாட்டுச் சண்டையை வேலையிடத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்பதில் அவர் கறார். ஆங்கில வகுப்புகள் நடந்தன. 121 பேர் அந்த வேலையில் இறந்தார்கள். கூமா ஊரில் 1959-ல், திட்டத்தின் பத்தாம் ஆண்டில் நட்ட 27 நாட்டுக் கொடிகளின் சாலை இன்றும் இருக்கிறது.

இதற்கு நேர் எதிர் பனாமா கால்வாய். அமெரிக்கர்கள் வெட்டியபோது வெள்ளையருக்குச் சம்பளம் தங்கக் காசில், பார்படோஸ் முதலிய தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளிகளுக்கு வெள்ளிக் காசில். 'தங்கப் பட்டியல்', 'வெள்ளிப் பட்டியல்' என்று தபால் ஆபீஸ் ஜன்னல்கூடத் தனித்தனி! கால்வாய் 1914-ல் திறந்துதான்விட்டது. பல இனத்தாரை வைத்து வேலையை முடிப்பதும் அவர்களை மனிதராக நடத்துவதும் ஒன்றல்ல என்பதற்கு அந்த ஜன்னல்களே சாட்சி.

பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் நடுவே கடலுக்கடியில் சுரங்கம் தோண்டியபோது, பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் தோண்டும் எந்திரங்களுக்குப் பிரிஜித், கேத்தரின், பாஸ்கலின் என்று பெண் பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயர்கள்? வெறும் நம்பர்! 1990 டிசம்பர் 1-ல் இரண்டு பக்கமும் சந்தித்தபோது பக்கவாட்டில் விலகியிருந்தது வெறும் 358 மில்லிமீட்டர்.

ஐரோப்பாவில் பல சுரங்கங்களின் வாயிலில் புனித பார்பராவின் சிலை இருக்கும், அவர்தான் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் காவல். ஜப்பானிலோ பெண் காலடி வைத்தால் மலைத் தேவதைக்குப் பொறாமை வரும் என்ற பழைய நம்பிக்கை. ரெய்கோ அபே என்ற ஜப்பானியப் பொறியாளர் சுரங்கவியல் படித்தும் சொந்த நாட்டில் உள்ளே போக முடியாமல், நார்வே போய் வேலை கற்றார். அவர் பிற்பாடு வந்து சேர்ந்தது டெல்லி மெட்ரோவுக்கு. வேலையிடப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள!

சென்னை மெட்ரோவின் முதல் கட்டச் சுரங்கங்களைத் தோண்ட இந்திய நிறுவனங்களோடு ரஷ்ய, சீன நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து வந்தன. இரண்டாம் கட்டத்தில் எந்திரங்களுக்கு நீலகிரி, ஆனைமலை, மயில், கழுகு என்று பெயர். பூஜை போடாமல் எந்த எந்திரமும் பூமிக்குள் இறங்குவதில்லை. நெய்வேலியில் பல நாட்டார் கூடுவது அறுபது வருடத்துக்கு முன்பே நடந்த சங்கதி. பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்க மேற்கு ஜெர்மனியின் ராட்சதச் சக்கர எந்திரம், அந்தக் கரியை எரித்து மின்சாரம் எடுக்க சோவியத் உதவியோடு அனல்மின் நிலையம். பனிப்போரின் இரண்டு அணியும் கடலூர் மாவட்டத்து ஒரே வளாகத்தில்!

பிரான்ஸின் தெற்கே எழும் ஈட்டர் அணுச்சேர்க்கை உலையைப் பற்றித் தெரியுமா? ஒப்பந்தம் 2006 நவம்பர் 21-ல் கையெழுத்தானது. சீனா, ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா, ஜப்பான், கொரியா, ரஷ்யா, அமெரிக்கா என்று ஏழு பங்காளிகள். பங்கைப் பெரும்பாலும் பணமாகத் தருவதில்லை, பாகமாகச் செய்து தருகிறார்கள்! உலையை மூடும் 3,850 டன் எஃகு உறை இந்தியாவின் பங்கு. குஜராத்தின் ஹசீராவில் எல்&டி செய்து துண்டு துண்டாகக் கப்பலேற்றியது. உள்ளே இருக்கும் வெற்றிடக் கலத்துக்கு ஒன்பது துண்டுகள், நான்கு கொரியாவில், ஐந்து ஐரோப்பாவில். ஒரு கலத்தை ஏன் இரண்டு இடத்தில் செய்ய வேண்டும்? எல்லோருக்கும் தொழில்நுட்பம் கைவர வேண்டுமே! வந்த துண்டுகளின் விளிம்பு சொன்ன அளவில் இல்லை என்று தெரிந்து, 2022-க்குப் பிறகு பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. சிக்கனமாகவும் சீக்கிரமாகவும் கட்ட இது உகந்த வழி இல்லை. ஆனால் இந்த வழி இல்லையென்றால் ஏழு பேரும் சேர்ந்தே இருக்க மாட்டார்கள்.

ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வகம் 1954-ல் 12 நாடுகள் சேர்ந்து தொடங்கியது. இந்தியா பரிசளித்த இரண்டு மீட்டர் உயர நடராசர் 2004 முதல் அங்கே ஆடிக்கொண்டிருக்கிறார். 'அட்லஸ்' என்ற ஒரே சோதனையில் சுமார் 3,000 விஞ்ஞானிகள். அவர்களுக்கு முதலாளி கிடையாது. தேர்தல் வைத்து ஒரு 'செய்தித் தொடர்பாளரை'த் தேர்ந்தெடுக்கிறார்கள். உத்தரவு போட முடியாது, பேசிப் பேசித்தான் சம்மதிக்க வைக்க முடியும்! 2015-ல் அட்லஸும், அங்கேயே நடக்கும் சிஎம்எஸ் என்ற மற்றொரு சோதனையும் சேர்ந்து ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை போட்டன. மொத்தம் 33 பக்கம். அதில் விஞ்ஞானம் ஒன்பதே பக்கம். மற்ற 24 பக்கமும் எழுதியவர்கள், அவர்களுடைய நிறுவனங்களின் பட்டியல். 5,154 பேர்! யார் பெயர் முதலில் வருவது? பெரியவர் சின்னவர் இல்லை, நாடு இல்லை, பணம் கொடுத்தவர் இல்லை. அவரவர் குழுவுக்குள் அகர வரிசை, அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயருக்கு மேலே மாமா பெயரைப் போட்டுவிட்டு இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் குடும்பங்கள் யாராவது ஜெனீவா பக்கம் ஒரு நடை போய்வரலாம்.